பிள்ளை போதையில் சிக்கினால் பெற்றோர் எந்தக் கதவைத் தட்டுவது?

செகந்தராபாதின் பழைய போயின்பள்ளிப் பகுதியில் உள்ள ஒரு தனியார் பள்ளிக் கட்டடத்தை 2025 செப்டம்பரில் சோதனையிட்ட தெலங்கானா போதைப் பொருள் தடுப்புப் பிரிவினர், அதனுள் அல்பிரசோலம் தயாரிக்கும் ஆலை ஒன்று இயங்கி வந்ததைக் கண்டுபிடித்தனர். பிள்ளைகள் படிக்கும் அதே கட்டடத்தில் ரசாயனக் கலன்கள் இருந்தன. தூக்க மருந்து வகையைச் சேர்ந்த அல்பிரசோலம், தெலங்கானாவில் கள்ளில் போதை ஏற்றுவதற்காகக் கலக்கப்படும் பொருள். பள்ளியை நடத்தியவர் கைது செய்யப்பட்டார். நாடு முழுவதும் செய்தியானது.

சோதனை, பறிமுதல், கைது ஆகியவற்றில் அரசு இயந்திரம் காட்டிய வேகம் பாராட்டத்தக்கதே. ஆனால் இத்தகைய செய்திகளைப் படிக்கும் பெற்றோரின் மனதில் எழும் கேள்வி வேறு. "என் பிள்ளை ஏற்கெனவே இதில் சிக்கியிருந்தால் நான் யாரிடம் போவது?" என்ற அந்தக் கேள்விக்கு தில்லியிலும் ஹைதராபாதிலும் இன்று தெளிவான விடை இல்லை.

லாலாகுடா என்ற உரைகல்: இந்தக் கேள்வியை லாலாகுடா போன்ற ஒரு பகுதியில் வைத்துப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். செகந்தராபாத் ரயில் நிலையத்துக்கு அருகே அமைந்த இப்பகுதி போதைக்குப் பெயர்போன இடம் அல்ல. நிஜாம் காலத்து ரயில்வே 1893-ல் அமைத்த பணிமனையைச் சுற்றி வளர்ந்த தொழிலாளர் குடியிருப்பு இது. மின்சார ரயில் என்ஜின் பணிமனையும், தென் மத்திய ரயில்வேயின் மத்திய மருத்துவமனையும் இங்கே உள்ளன. செகந்தராபாதில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கும் பழக்கமான பகுதி.

மாதச் சம்பளம், முறைப் பணி, பிள்ளைகளின் படிப்பு என்று வாழும் குடும்பங்கள் நிறைந்த இடம். இங்கே மருத்துவமனை இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன. சில கிலோ மீட்டர் தொலைவில் காந்தி அரசு மருத்துவமனை உள்ளது. நகரின் மறுபக்கம் எர்ரகட்டாவில் அரசு மனநல மருத்துவமனை உள்ளது. இத்தனை இருந்தும், பதினைந்து வயது மகனின் பையில் கஞ்சாப் பொட்டலத்தைக் காணும் ஒரு தாய் முதலில் எங்கே போக வேண்டும் என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. லாலாகுடாவில் இல்லாதது சென்னை பெரம்பூரிலும் மதுரையிலும் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எனவே இது ஒரு நகரத்தின் குறை அல்ல. தேசியக் கொள்கையின் குறை.

புள்ளிவிவரம் சொல்வது என்ன?: சிறார்களிடையே போதைப் பழக்கம் குறித்துத் தேசிய அளவில் கணக்கெடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2016 டிசம்பரில். "பச்பன் பச்சாவ் ஆந்தோலன்" அமைப்பு தொடுத்த வழக்கில், ஆறு மாதங்களுக்குள் கணக்கெடுப்பை முடிக்கவும், நான்கு மாதங்களுக்குள் தேசியச் செயல்திட்டம் வகுக்கவும், பள்ளிப் பாடத்தில் விழிப்புணர்வைச் சேர்க்கவும் நீதிமன்றம் கூறியது. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு 2019 பிப்ரவரியில் வெளியானது.

அதன்படி 10 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் 1.8 சதவீதம், அதாவது சுமார் 40 லட்சம் பேர். முகர்ந்து போதை ஏற்றும் ரசாயனங்களைப் பயன்படுத்துவோர் 1.17 சதவீதம், சுமார் 30 லட்சம் பேர். கஞ்சா வகை 0.9 சதவீதம், சுமார் 20 லட்சம் பேர். முகரும் பொருள்களைப் பொருத்தவரை, பெரியவர்களிடையே அவ்விகிதம் 0.58 சதவீதம் மட்டுமே. பெரியவர்களைவிடச் சிறார்கள் அதிக விகிதத்தில் பயன்படுத்தும் ஒரே போதை இதுதான். ஒயிட்னர், தின்னர், பஞ்சர் ஒட்டும் பசை என்று பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள்கள் இவை. புட்டிகளில் அடைத்த ஒயிட்னரையும் தின்னரையும் விற்பதற்கு மத்திய சுகாதார அமைச்சகம் 2012-ல் தடை விதித்து, பேனா வடிவில் மட்டுமே விற்க அனுமதித்தது இதனால்தான்.

மேலும் ஒரு கணக்கு உள்ளது. ஹைதராபாத் உள்ளிட்ட 10 நகரங்களின் பள்ளிகளில் 8, 9, 11, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் 5,920 பேரிடம் எய்ம்ஸ் மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2025-ல் வெளியானது. தகவல் திரட்டப்பட்டது 2018-19-ல். வாழ்நாளில் ஒருமுறையேனும் ஏதாவது ஒரு போதைப் பொருளைப் பயன்படுத்தியவர்கள் 15.1 சதவீதம். புகையிலையும் மதுவும் இதில் அடங்கும். முதல்முறை பயன்படுத்திய சராசரி வயது 12.9. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது பெற்றோர் விழித்துக்கொள்கிறார்கள் என்றால், சிலருடைய வீட்டில் அப்போதே இரண்டு ஆண்டுகள் கடந்திருக்கும் என்பது இதன் பொருள். கேட்டால் மறைத்துவிடுவோம் என்றும் மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கூறியுள்ளனர். எனவே உண்மை நிலை இந்த விகிதங்களைவிட அதிகமாகவும் இருக்கக்கூடும்.

சிகிச்சையின் நிலையோ மிகவும் பின்தங்கியது. சட்டவிரோதப் போதைப் பொருள்களுக்கு அடிமையானோரில் 20 பேரில் ஒருவரே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றுள்ளதாக 2019-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. அரசு மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள் நாடு முழுவதும் சுமார் 350. மாவட்டங்களோ 750-க்கும் மேல்.

நான்கு அமைச்சகங்கள், ஐந்து எண்கள்: தில்லியில் இந்தப் பிரச்னை நான்கு அமைச்சகங்களிடம் பிரிந்து கிடக்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தைக் கையாள்வது நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை. கடத்தலைத் தடுக்கும் தேசியப் போதைப் பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு உள்துறையிடம் உள்ளது. போதை மறுவாழ்வும் விழிப்புணர்வும் சமூக நீதி அமைச்சகத்தின் பொறுப்பு. மருத்துவமனைச் சிகிச்சை சுகாதாரத் துறையைச் சார்ந்தது.

ஒவ்வொரு துறையும் தன் பங்குக்கு ஓர் உதவி எண்ணை அறிவித்திருக்கிறது. போதை மறுவாழ்வு ஆலோசனைக்கு 14446. மனநல ஆலோசனைக்கு 2022-ல் தொடங்கப்பட்ட 14416. உள்துறை 2024 ஜூலையில் தொடங்கிய "மானஸ்" சேவைக்கு 1933. குழந்தைகள் நலனுக்கு 1098. தெலங்கானா அரசின் போதைப் பொருள் தடுப்புப் பிரிவுக்கு 1908. இவற்றில் எந்த எண்ணை அழைத்தால் மறுமுனையில் ஆலோசகர் பேசுவார், எதில் காவல் துறையினர் பேசுவர் என்பது சாதாரணக் குடும்பத்தினருக்குத் தெரியாது. கடத்தல்காரனைப் பற்றித் தகவல் தரவும், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு ஆலோசனை கேட்கவும் ஒரே எண்ணை வைத்தால், பெற்றோர் அந்த எண்ணைத் தொடவே அஞ்சுவர். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஹைதராபாத் கற்றுக்கொள்ளாத பாடம்: தெலங்கானாவுக்கு இது புதிய பிரச்னை அல்ல. 2017 ஜூலையில் மாநில மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை பிடித்த கும்பலிடமிருந்து எல்.எஸ்.டி. உள்ளிட்ட போதைப் பொருள்களை வாங்கியவர்களில் ஹைதராபாதின் பெயர்பெற்ற பள்ளி, கல்லூரிகளின் மாணவர்களும் இருந்தது அப்போது தெரியவந்தது. பள்ளி நிர்வாகங்களுக்கு எச்சரிக்கைக் கடிதங்கள் சென்றன. ஆனால் தெலுங்குத் திரையுலகினர் விசாரணைக்கு அழைக்கப்பட்டதும் நாட்டின் கவனம் முழுவதும் அவர்கள் பக்கம் திரும்பியது. மாணவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் என்ன உதவி கிடைத்தது என்பது அந்தப் பரபரப்பில் பேசப்படவே இல்லை.

2024 ஜனவரியில் ரங்காரெட்டி மாவட்டம் கொத்தூரில் கஞ்சா கலந்த சாக்லேட்டை அரசுப் பள்ளி மாணவர்கள் தின்றது வெளிச்சத்துக்கு வந்தது. 2025 ஜூலையில் ஹைதராபாதின் கூகட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் பலரின் உயிரைப் பறித்தது. இதற்குச் சில நாள்கள் முன்பு, ஜூன் 26-ஆம் தேதி, மாநிலப் போதைப் பொருள் தடுப்புப் பிரிவுக்கு "ஈகிள்" எனப் புதுப் பெயர் சூட்டிய முதல்வர் ரேவந்த் ரெட்டி, கல்வி நிறுவன வளாகங்களில் போதைப் பொருள் கண்டறியப்பட்டால் நிர்வாகங்களும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என எச்சரித்தார்.

எச்சரிக்கையின் நோக்கம் நல்லது. ஆனால் அதன் பக்கவிளைவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வளாகத்தில் போதை இருப்பது தெரிந்தால் தனக்கு வழக்கு வரும் என்று அஞ்சும் நிர்வாகம், ஒரு மாணவன் சிக்கும்போது பெற்றோரை அழைத்து மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதே எளிது என்று கருதும். பள்ளிக்குப் பிரச்னை தீர்ந்துவிடும். பிள்ளைக்கோ படிப்பும் நண்பர்களும் ஒழுங்கான நாள்முறையும் ஒரே நாளில் பறிபோகும். போதையிலிருந்து மீள ஒருவனுக்கு எவை தேவையோ அவையே முதலில் போய்விடும்.

சட்டத்தில் உள்ள இடம்: நம்முடைய சட்டங்கள் முற்றிலும் இரக்கமற்றவை என்று கூறிவிட முடியாது. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையான ஒருவர் மீது உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டாலும், அவர் தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த நிறுவனத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம். கஞ்சாவைப் பொருத்தவரை ஒரு கிலோ வரை சிறிய அளவு என்பது கவனிக்கத்தக்கது.

2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. போதைப் பழக்கத்துக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படும் நிலையில் உள்ள குழந்தையைக் குற்றவாளியாக அன்றி, "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை" என்று அது வரையறுக்கிறது. குழந்தைக்கு மது, போதைப் பொருள், புகையிலை கொடுப்பவருக்கு 77-ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. போதைப் பொருளை விற்கவோ எடுத்துச் செல்லவோ குழந்தையைப் பயன்படுத்தினால் 78-ஆவது பிரிவின்படி அதே தண்டனை. சிறாரின் பெயர், படம், பள்ளி ஆகியவற்றை வெளியிட 74-ஆவது பிரிவு தடை விதிக்கிறது.

இச்சட்டத்தின் கீழ் 2016-ல் வகுக்கப்பட்ட மாதிரி விதிகளில் எட்டாவது விதி முக்கியமானது. கொடிய குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களுடன் சேர்ந்து செய்யப்பட்டிருந்தாலோ தவிர, சிறார் மீது முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது. காவல் நிலையப் பொது நாட்குறிப்பில் பதிந்து, குடும்பச் சூழல் அறிக்கையுடன் சிறார் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். கஞ்சா புகைத்ததும் சிறிய அளவு வைத்திருந்ததும் இந்த வரம்புக்குள்தான் வருகின்றன. பெற்றோருக்கு இது தெரியாது. தெரியாததால்தான், "வழக்குப் போட்டால் பையனின் வாழ்க்கையே போய்விடும்" என்று அஞ்சிச் சிலர் இடைத்தரகர்களிடம் பணத்தைக் கொடுக்கின்றனர். சிலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு வாய்மூடி இருந்துவிடுகின்றனர்.

பெரியவர்களைப் பொருத்தவரையில் சட்டத்தை மாற்றும் முயற்சியும் நடந்தது. சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிய அளவு வைத்திருப்பதைக் குற்றமாகக் கருதாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம் என்று 2021 அக்டோபரில் சமூக நீதி அமைச்சகம் வருவாய்த் துறைக்குப் பரிந்துரைத்தது. ஆனால் அந்த ஆண்டு குளிர்காலக் கூட்டத்தொடரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், முந்தைய திருத்தத்தில் நேர்ந்திருந்த ஓர் எழுத்துப் பிழையைச் சரிசெய்வதோடு நின்றுவிட்டது. போதையிடம் கனிவு காட்டுவதாகப் பெயர் எடுக்க எந்தக் கட்சியும் விரும்பவில்லை என்பதே இதன் பின்னணி.

பூட்டிய அறை சிகிச்சை அல்ல: வழி தெரியாத பெற்றோர் பலரும் இறுதியில் சேருமிடம், "மது, போதை மறுவாழ்வு இல்லம்" என்ற பலகை தொங்கும் தனியார் இடங்கள். நேர்மையாக இயங்குபவை உண்டு. பூட்டிய அறையையும் அடியையுமே சிகிச்சையாகக் கொண்டவையும் உண்டு. இங்கும் குடும்பத்துக்குத் துணையாகச் சட்டம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தால் ஏற்படும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துள்ளது. அதன்படி இத்தகைய நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டோரை விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே உள்நோயாளியாகச் சேர்க்கலாம். பெரியவர்களிடமிருந்து தனியே வைக்க வேண்டும். பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ முழு நேரமும் உடன் தங்க வேண்டும். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது அறவே கூடாது. "பெற்றோர் பார்க்க வரக் கூடாது" என்று நிபந்தனை விதிக்கும் இடம் எதுவாயினும், பிள்ளையை அங்கே விட்டுவரக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் தேவையில்லை.

சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டிய கடமையையும் இதே சட்டம் மருத்துவர்கள் மீது சுமத்துகிறது. அரசு மருத்துவமனைக்குப் போனால் போலீஸுக்குத் தகவல் போய்விடும் என்ற பொதுவான அச்சத்துக்கு இதுவே விடை. இந்த விடையை அரசு உரக்கச் சொல்லாததுதான் குறை.

குடும்பம் செய்யக்கூடியது: போதைப் பழக்கம் ஒழுக்கக்கேடு மட்டுமே என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் வேரூன்றியிருக்கிறது. "வளர்ப்புச் சரியில்லை" என்று தாயின் மீது பழி விழுகிறது. வெளியே தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது என்ற கவலை வாயை அடைக்கிறது. ஆனால் ஆசையை அடக்கி விளைவை எடைபோடும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முழு வளர்ச்சி அடைவதில்லை என்கிறது மருத்துவம். இளம் வயதில் தொடங்கும் பழக்கம் வேகமாக இறுகுவதற்கும், உரிய நேரத்தில் தலையிட்டால் மீள்வது சாத்தியம் என்பதற்கும் இதுவே காரணம்.

போதை தலைக்கேறியிருக்கும் நேரத்தில் விசாரணை நடத்துவதில் பயனில்லை. தெளிந்தபின், தனியே, என்ன பொருள், எப்போதிலிருந்து, யாருடன் என்று கேட்டு, பதிலை இறுதிவரை கேட்பதே முதல் படி என்கின்றனர் மனநல மருத்துவர்கள். தூக்க நேரம் தலைகீழாவது, பணமும் பொருள்களும் காணாமல் போவது, துணியில் தின்னர் வாடை, வீட்டிலுள்ள தூக்க மாத்திரைகள் குறைவது போன்ற மாற்றங்கள் பலவும் சேர்ந்து தென்பட்டால் கவனிக்க வேண்டும். ஓர் அறிகுறியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பதின் வயதின் இயல்பான சிடுசிடுப்பும் அதேபோலத்தான் தோன்றும். ஒருமுறை சோதித்துப் பார்த்தவனும் அடிமையானவனும் ஒன்றல்ல என்பதையும் மறக்கலாகாது.

சில ஆபத்துகளைக் குடும்பத்தினர் அறிந்திருப்பது உயிர் காக்கும். தின்னர் முகர்ந்த நிலையில் உள்ள பிள்ளையைத் துரத்தவோ திடுக்கிட வைக்கவோ கூடாது. இதயத் துடிப்பு தடுமாறி உடனே உயிர் போகக்கூடும். அல்பிரசோலம் போன்ற தூக்க மருந்துகளை நாள்கணக்கில் எடுத்து வந்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். எனவே அறையில் அடைத்து "நிறுத்த வைக்கும்" முயற்சி ஆபத்தானது. நினைவு தப்பினாலோ மூச்சு மந்தமானாலோ ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். என்ன உட்கொண்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

இன்னொன்று, பெரியவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்வது. எய்ம்ஸின் பத்து நகர ஆய்வில், வீட்டில் யாரோ ஒருவர் புகையிலை அல்லது மது பயன்படுத்துவதாகச் சுமார் 40 சதவீத மாணவர்கள் கூறினர். மாலையில் புட்டியைத் திறக்கும் தந்தை, மகனுக்கு உபதேசம் செய்வதில் பயனில்லை.

குடும்பத்தைச் சிகிச்சையின் பங்காளியாக ஆக்க வேண்டும் என்பது புதுக் கருத்தும் அல்ல, அயல்நாட்டுக் கருத்தும் அல்ல. குடிப்பழக்கத்துக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அடிமையானவருக்கு மட்டுமின்றி, அவரோடு சேர்ந்து நொந்துபோன மனைவிக்கும் பெற்றோருக்கும் தனிப் பயிற்சி அளிப்பது அதன் சிகிச்சை முறையில் ஓர் அங்கம். பத்மஸ்ரீ விருதும், 1999-ல் ஐ.நா.வின் வியன்னா விருதும் அவருக்குக் கிடைத்தன. அந்த முறை இன்றும் அரசு மருத்துவமனைகளின் பொது நடைமுறையாகவில்லை.

அமெரிக்காவில் 1999-ல் வெளியான ஓர் ஆய்வும் இதையே கூறுகிறது. சிகிச்சைக்கு வர மறுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களின் குடும்பத்தினருக்கு, சண்டையிடாமல் பேசவும், நல்ல மாற்றத்தை ஊக்குவிக்கவும், தங்களைக் காத்துக்கொள்ளவும் பயிற்சி அளித்தபோது, 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தனர். உறவினர் அனைவரும் ஒன்றுகூடி நேருக்கு நேர் கண்டிக்கும் முறையில் இது 30 சதவீதம் மட்டுமே. ஆய்வு வயது வந்தோரைப் பற்றியது. எனினும், வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்தால் நோயாளி வருவார் என்ற பாடம் பொதுவானது.

ஐஸ்லாந்து நாடு 1990-களின் இறுதியிலிருந்து பெற்றோர்களிடையே ஒப்பந்தம், இரவு நேர வெளிநடமாட்டக் கட்டுப்பாடு, மாலைநேர விளையாட்டு, இசைப் பயிற்சிகளுக்கு அரசு உதவி என்று ஒருங்கே செய்தது. முந்தைய மாதத்தில் குடித்து மயங்கிய 15-16 வயதினர் 1998-ல் 42 சதவீதம். 2016-ல் 5 சதவீதம். நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் நாட்டின் முறையை அப்படியே இங்கே நட முடியாது. ஆனால் ஒரு தெருவின் பெற்றோர் ஒன்றுகூடுவதற்கும், ரயில்வே மைதானங்களை மாலையில் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவதற்கும் நாடு சிறியதாக இருக்க வேண்டியதில்லை.

இனி என்ன?: 2018 முதல் 2025 வரை எனக் காலம் குறித்து வகுக்கப்பட்டது தேசியப் போதைத் தேவைக் குறைப்புச் செயல்திட்டம். 2020 ஆகஸ்ட் 15-ல் 272 மாவட்டங்களில் தொடங்கிய "போதையில்லா இந்தியா" இயக்கம் பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது. இவற்றின் வெற்றியாக அரசு பட்டியலிடுபவை உறுதிமொழி எடுத்தோர் எண்ணிக்கை, ஊர்வலங்கள், எரிக்கப்பட்ட போதைப் பொருளின் எடை ஆகியன. எத்தனை குடும்பங்கள் உதவி கேட்டு வந்தன, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினர் என்ற கணக்கு அந்தப் பட்டியலில் முதலிடம் பெறுவதில்லை.

அடுத்த கட்டத் திட்டத்தில் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. காவல் துறையோடு தொடர்பற்ற, சுகாதாரத் துறையின் ஒரே உதவி எண்ணை எல்லாப் பள்ளிகளிலும் எழுதி வைக்கலாம். காந்தி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலும், லாலாகுடா ரயில்வே மருத்துவமனை போன்ற துறை மருத்துவமனைகளிலும் பெற்றோருக்கென வாரம் ஒரு மாலை ஆலோசனைப் பிரிவு நடத்தலாம். போதைக்காக மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் தருவதைத் தடை செய்து, தானே முன்வந்து உதவி கேட்கும் பள்ளிக்கு வழக்கு அச்சத்திலிருந்து விலக்கு அளிக்கலாம். சிறார் நீதி விதிகளை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாநில மொழியில் பலகையாக வைக்கலாம். இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை; பெரும் நிதியும் தேவையில்லை.

போதைக் கடத்தலை ஒடுக்குவதில் மத்திய, மாநில அரசுகள் காட்டும் கடுமை தளர வேண்டியதில்லை. 2019-ல் ரயில்வே பாதுகாப்புப் படைக்குச் சோதனை அதிகாரம் அளித்ததும், ஆந்திர - ஒடிசா எல்லையிலிருந்து ரயிலேறி வரும் கஞ்சா பிடிபடுவதும் தேவையானவையே. ஆனால் பிடிபடும் ஒவ்வொரு மூட்டைக்கும் முன்பே சில பொட்டலங்கள் ஏதோ ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டிருக்கின்றன. அந்த வீட்டில் அதை முதலில் காண்பவர் தாயோ தந்தையோதான். அவர்கள் அஞ்சாமல் நுழையக்கூடிய ஒரு கதவை ஒவ்வொரு மாவட்டத்திலும் திறந்து வைப்பதே அடுத்த செயல்திட்டத்தின் முதல் கடமையாக இருக்க வேண்டும்.